அடிப்பிடிக்காத மாம்பழம்

கார்த்திகை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது. என் மகள் அபியின் பள்ளிக்கூடச் சட்டைப் பையில் ஒரு நாள் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மணத்தது. பரந்தன் சந்தியில் கூல்பார் நடத்துகிறவள் நான். இந்த மாதத்தில் எந்த மரத்திலும் மாம்பழம் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எசன்ஸ் மணமும் இல்லை இது. எசன்ஸ் என்றால் மூக்கில் அடிக்கும், பொய் என்று உடனே தெரிந்துவிடும். இதிலோ பழத்தின் காம்படியில் வரும் அந்த லேசான புளிப்புக்கூட இருந்தது. அந்த நிமிடமே, என்னோடு படித்த உம்மை நினைத்தேன். நல்லபடியாக நினைக்கவில்லை.

பைக்குள் கிடந்தது விரல் நீளத்தில் ஒரு வேப், பற்றரியில் புகைகிற சிகரெட். மஞ்சள் நிறம், சின்னப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி. உமது கம்பனி செய்ததோ, வேறெவன் செய்ததோ, எனக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன? எல்லாரும் ஒரே கேவலத்தைத்தானே செய்கிறீர்கள்.

நீர் கடைசியாக ஊருக்கு வந்தது மாம்பழக் காலத்தில். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரியில் உம்மை வெல்ல ஆளில்லை. வெளிநாட்டில் பெரிய கம்பனி, பெரிய ஆராய்ச்சி என்று ஊர் முழுக்கக் கதை. என் கடைக்கு வந்து உட்கார்ந்ததும், என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். மருந்து என்பீர், பசளை என்பீர், குறைந்தது பெயின்ட் என்றாவது சொல்வீர் என்று பார்த்தேன். நீர் சட்டைப் பையிலிருந்து ஒரு வேப்பை எடுத்து மேசையில் வைத்தீர். சாமிப்படத்தை வைக்கிற மாதிரி அவ்வளவு பக்குவமாக வைத்தீர்.

பிறகு குடித்து முடித்த கிளாசையும் ஸ்ட்ரோவையும் வைத்துக்கொண்டு எனக்கு வகுப்பு எடுத்தீர். மாம்பழ மணம் என்பது ஒன்றில்லையாம், பல மணங்களின் கூட்டாம். சூடு பட்டதும் சிலது முந்திப் பறந்துவிடுமாம், சிலது பிந்தி நிற்குமாம். அதனால் முதலில் மாம்பழமாக இருப்பது போகப்போக வெறும் இனிப்பாகிவிடுமாம். கடைசியில் திரவம் ஊறுகிற பஞ்சு காய்ந்து, சூடாகிற கம்பியில் இனிப்புப் படிந்து, கருகல் மணம் வருமாம். அதை வராமல் பண்ணுவதுதான் உமது வேலையாம். சூடு கூடாமல் குறையாமல் நிற்கவேண்டும், திரவம் ஒரே அளவாக ஏறவேண்டும், பஞ்சு காயத் தொடங்கினால் உள்ளேயிருக்கும் எலக்ட்ரோனிக் சில்லு அதை மணந்து பிடித்துச் சூட்டை நிறுத்தவேண்டும். மெல்ல இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் ஒரே மாம்பழம்.

"முதல் இழுவையும் கடைசி இழுவையும் ஒண்டாய் இருக்கவேணும். அதுதான் எஞ்சினியரிங்," என்றீர்.

இதுக்குத்தானோ படிச்சனீர் என்று நான் கேட்டதற்குச் சிரித்தீர். எதற்குத்தான் நீர் சிரிக்கவில்லை? யார் இழுக்கிற சாமான் என்று கேட்டேன். வளர்ந்த ஆக்கள், சிகரெட்டை விட நினைக்கிறவர்கள் என்றீர். சிகரெட்டை விடுகிற கிழவனுக்கு மாம்பழம் என்னத்துக்கு என்றேன். அதற்கும் சிரித்தீர். போதாக்குறைக்கு என் ஜூசையும் நக்கலடித்தீர், இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி என்று. மரத்தில் பழுக்கிறது அப்படித்தான் இருக்கும், மண்ணாங்கட்டி.

அப்போது அடுப்பில் பால் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. ஓடிப்போய் இறக்கினேன். திரும்பி வந்து நான் சொன்னது உமக்கு ஞாபகம் இருந்திருக்குமோ தெரியாது. "பால் அடிப்பிடிச்சா மணந்து சொல்லும், என்னை இறக்கு எண்டு. உம்மட சாமான் அதைக்கூடச் சொல்லாது." நீர் என் கூடையிலிருந்த மாம்பழம் ஒன்றை எடுத்துக் காம்படியை மணந்துகொண்டிருந்தீர். ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை. ஊர்ப் பழத்துக்கு ஏங்கிப்போய் நிற்கிறார் என்று நினைத்து நல்லதாகப் பார்த்து வெட்டித்தந்தேன். நீர் உமது வேலைக்கு மணம் பிடித்திருக்கிறீர். நான் ஒரு மடைச்சி.

அபியைக் கேட்டேன். கண்ணைக்கூட இமைக்காமல், அது சிநேகிதியின் சென்ட் என்றாள். அவ்வளவு இனிப்பாகச் சொன்னாள். கடைக் குசினிக்கு, அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சனியனைக் குறட்டால் உடைத்து, உள்ளே ஊறிப்போயிருந்த பஞ்சை மட்டும் பிய்த்தெடுத்து இடுக்கியால் நெருப்பில் காட்டினேன். முதலில் மாம்பழம் மணத்தது. பிறகு கருகின சீனி. பிறகு குப்பை எரிக்கிற மணம் வந்து குசினியை நிறைத்தது. அபி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான் உள்ளுக்க இருந்தது," என்றேன். "இது உனக்குத் தெரியக்கூடாது எண்டுதான் என்னோட படிச்ச ஒருத்தர் ஆயுள் முழுக்க வேலை செய்தவர்."

அவளுக்கு விளங்கிவிட்டது. வரும்போதெல்லாம் சொக்லேட் கொண்டுவந்த மாமாவோ என்று கேட்டாள். ஓம் என்றேன். மூக்கிலிருந்து கையை எடுத்து, "எங்களை மாதிரிப் பிள்ளையள் இழுக்கும் எண்டு மாமாவுக்குத் தெரியாதோ?" என்றாள்.

தெரியும் என்றால் நீர் ஒரு கயவர். தெரியாது என்றால், அவ்வளவு படித்தும் ஒரு மடையர். இரண்டில் எது என்று நீரே வந்து சொல்லும்.

ஆனால் உம்மேல் என் கோபம் அந்த வேப்போடு முடியவில்லை. நீர் உம்மையும் அப்படித்தான் செய்து வைத்திருந்தீர். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் உமது வொய்ஸ் மெசேஜ் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே சிரிப்பு, ஒரே கேள்வி: "இண்டைக்குக் கடையில என்ன ஜூஸ்?" கடைசி மெசேஜ் வந்த அடுத்த கிழமை வவுனியாவிலிருக்கும் உமது தங்கச்சி போன் எடுத்து, அண்ணா எங்களை விட்டுப் போயிட்டார் அக்கா என்று அழுகிறாள். மாதக்கணக்காக வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். கட்டிலில் கிடந்தபடிதான் எனக்குச் சிரித்தாராம். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கினாராம்.

பெரிய வீரம். தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்கிறீரா? வந்திருக்க முடியாது, விசா எங்கே இருக்கிறது எனக்கு. ஆனால் ஒரு நாளாவது உம்மோடு சண்டை பிடிக்காமல் கதைத்திருப்பேன். அந்த ஒரு நாளை நீர் எனக்குத் தரவில்லை. அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

கடைசி மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. கடை பூட்டியதும் சில நாட்களில் காதோடு வைத்துக் கேட்பேன். எங்காவது ஓர் இருமல், ஒரு மூச்சிரைப்பு, ஒரு சொல்லில் ஒரு தடுமாற்றம் அகப்படுமா என்று தேடுவேன். இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

பஞ்சை எரித்த அன்று, இனி இழுக்கமாட்டன் அம்மா என்று அபி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது. எனக்கு இனிப்பு வேண்டாம், இழுத்தால் இழுத்தனான் என்று வந்து சொல்லு என்றேன். சொல்லுவாள் என்று நம்பவில்லை.

இன்று காலை பப்பாசி வெட்டிக்கொண்டிருந்தேன். அபி வந்து பக்கத்தில் நின்றாள். டியூசனுக்கு நேரமாகிவிட்டது, போகாமல் நின்றாள்.

"நேற்றும் இழுத்தனான், அம்மா."

குரல் நடுங்கியது. எனக்கு வந்த கோபத்தில் கத்தியைக் கீழே வைக்கவேண்டியதாகிவிட்டது. கன்னத்தில் ஒன்று போடத்தான் கை போனது. ஆனால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக உமது குரலில் தேடியும் கிடைக்காத நடுக்கம் அது. கதிரையை இழுத்துப் போட்டு, இரு என்றேன்.