தெரேசா கேட்ட தண்ணீர்

12.11.55

விடியற்காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடக் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். இரண்டாம் வகுப்பைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினேன்.

மாலை என் மனைவி தெரேசாவுடன் பதுளைக்கு, டாக்டரிடம். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைக்காதவர். "மாஸ்டர், இவவின்ர இருதயம் இந்தப் பிள்ளையைத் தாங்காது. இப்பவே எடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம். நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும்." அவள் பக்கத்திலேயே இருந்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வயிற்றில் நாலு மாதம்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். வீட்டில் காத்திருக்கும் மூத்த பிள்ளை பாப்பாவுக்குப் பிஸ்கட் வாங்க மறந்துவிட்டோம்.

14.11.55

தெ. மாதா கோயிலுக்குப் போனாள். நான் வாசலில். பாதர் வெளியே வந்து தோளில் கை வைத்தார். "அது ஒரு ஆத்மா, மாஸ்டர். குடுத்தவரே எடுக்கட்டும். நாம கை வைக்கக் கூடாது." நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. எனக்கோ ஆத்திரம். எடுக்கப் போவது என் பெண்டாட்டியை அல்லவா.

தோட்டத்து லய வீட்டில் அக்கா: "கருவ அழிச்சா பாவந்தான்டா தம்பி. அவளச் சாக விட்டா மட்டும் புண்ணியமா?" சொல்லிவிட்டு அழுதாள்.

திருநீறு பூசிக்கொண்டு மாரியம்மன் முன்னால் நின்றேன். அவளும் வாய் திறக்கவில்லை.

15.11.55

மழை விடவில்லை. எனக்குச் சளி. தெ. பாப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "ஊரெல்லாம் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே."

கேட்டேன்.

"பாப்பாவுக்கு அம்மா வேணுங்க. கையெழுத்துப் போடுங்க. பாவம் எம்பேர்ல இருக்கட்டும்."

பிறகு ஒரு நிபந்தனை. பிள்ளை வெளியே வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, நானே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமாம்.

"நான் சைவக்காரன்டி."

"ஆபத்துக்கு யாரும் ஊத்தலாம்னு உபதேசியார் சொல்லியிருக்காரு. மனசார ஊத்துனா போதும். இல்லாட்டி அது பரலோகம் போகாதுங்க."

சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். என் வகுப்புப் பையன்கள் மாதிரி விழித்தேன்.

18.11.55

தெமோதரையில் ரயில் தாமதம். சோடாப் போத்தலில் தண்ணீர், கோட்டுப் பையில். ஆஸ்பத்திரி. கையெழுத்து. அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெகு நேரம் கழித்து ஒரு ஆயாம்மா, துணி மூடிய எனாமல் பேசினோடு வெளியே வந்தாள். நல்லவள். நின்று, மெதுவாகக் கேட்டாள்: "பாக்குறீங்களா, மாஸ்டர்?"

போத்தல் கையில்தான் இருந்தது. துணியை விலக்கச் சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

தண்ணீரை வெளியே பூச்செடியில் கொட்டினேன். கோழை.

19.11.55

வெயில். தெ. பிழைத்துவிட்டாள். இனிப் பயமில்லை என்றார் டாக்டர். கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள். உதடு வெடித்திருக்கிறது.

"ஊத்துனீங்களா?"

ஊற்றினேன் என்றேன்.

"என்ன பேரு வச்சீங்க?"

பெயர் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது, மேரி.

"பொண்ணா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.