கறுவலுக்கு எவ்வளவு போடுவது

நெடுந்தீவு கிழக்கு,
22.11.1974

அன்பு மகள் அமலோற்பவத்துக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் அந்தக் குளிர் தேசத்து ஆஸ்பத்திரியில் தாதி வேலையோடு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இங்கே சுகத்தில் குறையில்லை. அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். பயப்படாமல் முழுக்க வாசி.

நீ விட்டுப்போன கறுவல் நன்றாக இருக்கிறது. நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, பூனை மெலிந்துபோனது, சாப்பாடு கூடப் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். மகள், அது மெலிந்த பூனையல்ல, ஓடுகிற பூனை. விடிந்தால் கல்வேலி மேலே ஓட்டம், பிறகு வலைக் கொட்டிலில் எலி, அது முடிய கடற்கரையில் நண்டோடு சண்டை, எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. ஆனால் அம்மாவுக்கு உன் சொல் வேதவாக்கு. ஒரு தேங்காய்ச் சிரட்டைச் சோறு இரண்டாகியது. இது வாடைக்காற்றுக் காலம், வள்ளம் இறக்க ஏலாது, கூப்பன் அரிசி எங்களுக்கே காணாது, மரவள்ளிக் கிழங்கும் பனங்கிழங்கு ஒடியல் கூழுமாகத்தான் பொழுது போகிறது. பூனை கிழங்கு தின்னுமா?

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அம்மா கோயில் வாசலில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா மாமி தாங்கிப் பிடித்ததால் அடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் சோதித்துவிட்டு, நோய் வருத்தம் ஒன்றுமில்லை, இந்த மனுசி சாப்பிடுவதில்லை என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மாமிதான் சொன்னார், நான் கடற்கரைக்குப் போனபின் அம்மா தன் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக் கறுவலுக்கு வைக்கிறாளாம். நானும் பல வழி பார்த்தேன். கறுவலைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், கருவாட்டை உப்புப் போகக் கழுவி வயிறு முட்டத் தீத்தினேன், வீட்டில் வந்து கேட்காது என்று நினைத்து. அது ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து அம்மாவின் காலைச் சுற்றியது. சாக்கில் போட்டுத் தீவின் மேற்கே அருளப்பு வீட்டில் விட்டும் பார்த்தேன். அன்று அம்மா தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. விடியப் பார்த்தால் கறுவல் சமையல் குசினிக் கூரையில் இருக்கிறது, அம்மா சிரட்டையோடு கீழே நிற்கிறாள்.

நேற்று அம்மாவின் பக்கத்தில் இருந்து கேட்டேன், ஒரு பூனைக்காக ஏன் இப்படிப் பட்டினி கிடக்கிறாய் என்று. மடியில் கிடந்த கறுவலைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "அங்கத்தைச் சாப்பாடு தொண்டையாலை இறங்குதில்லையெண்டு பிள்ளை எழுதினவள். வெறுவயித்தோடை வாட்டு வாட்டா ஓடித் திரியிறாள். என்ரை கையாலை அவளுக்கு ஒண்டும் குடுக்க ஏலாமல் கிடக்கு. இது திண்டால் எனக்கு அவள் திண்ட மாதிரி." காற்று மாறினால் வள்ளத்தின் பாயைத் திருப்பத் தெரிந்தவன் நான், இதற்கு எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. என் கோப்பையில் பாதியை அவளுக்கு வைத்தேன். அதிலும் பாதி கறுவலுக்குப் போய்விட்டது. பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதனால் மகள், நத்தார்ப் பண்டிகைக்கு முன் அம்மாவின் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. கறுவலுக்கு ஒரு சிரட்டை போதும் என்று நீயே எழுது, என் சொல் எடுபடாது. அங்கே நீ என்ன சாப்பிடுகிறாய் என்றும் விபரமாக எழுது. நான் இப்படி எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே இறங்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டா, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மறந்துவிடாதே, அம்மாவுக்குப் பொய் எழுதினால் உன் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். சாப்பிட்டுவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ம. சவிரிமுத்து