பதின்மூன்று டிகிரி

மார்ச் 12, 2025, பண்டமாரான்
காலையிலிருந்து மூன்று முறை கரண்டு போய் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் என் மனைவி தாமரையின் ஆக்சிஜன் மெஷின் கத்த, நான் ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்தேன். அது மூன்று மணி நேரம்தான் தாங்கும். சோலாரும் பேட்டரியும் வந்துவிட்டால் இந்தப் பயம் விடும்.

மார்ச் 15
சோலார் போடும் ஷபீர் லோரியில் எல்லாம் கொண்டுவந்தான். அடுப்படிக்கு மேலுள்ள கான்கிரீட் கூரையில் பேனல். ஆனால் பேனலைச் சாய்த்து வைக்க அவன் கொண்டுவந்த இரும்புச் சட்டம் பத்து டிகிரி! நான் பார்த்த சென்னைக்காரர் வீடியோவில் பதின்மூன்று, தெற்கு பார்த்து.

“அண்ணே, அது மெட்ராஸ் கணக்கு லா. இங்க பூமத்திய ரேகைக்கிட்ட, சூரியன் தலைக்கு மேல. நாம சாய்க்கிறதே மழையில தூசி கழுவிப் போகத்தான்.”

முப்பது வருடம் போர்ட்டில் கிரேன் ஓட்டியவனுக்குக் கோணம் சொல்லித் தருகிறான். புதுச் சட்டம் அடிக்கச் சொன்னேன். வீட்டுக் கரண்டிலேயே சார்ஜ் ஆகும், பேட்டரியை மட்டுமாவது மாட்டுகிறேன் என்றான். செய்தால் முழுசாகச் செய் என்று அனுப்பிவிட்டேன்.

“அந்தத் தம்பி சொல்றபடியே போடட்டுமேங்க” என்றாள் தாமரை. உனக்கென்ன தெரியும் என்றேன்.

மார்ச் 24
சட்டம் வரவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்துதான் பட்டறை திறக்குமாம்.

மார்ச் 28
மதியம் ஒன்றேகாலுக்குக் கூரையில் ஏறி நின்றேன். நிழலையே காணோம். குனிந்தால் காலடியில் கிடக்கிறது. ஷபீர் சொன்னதுதான் சரியோ? பழைய சட்டத்தையே கொண்டு வா என்று சொல்லிவிடலாம். இத்தனை பேசிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? பெருநாள் போகட்டும்.

ஏப்ரல் 5
முந்தாநாள் மத்தியானம் பேய்மழை. மரம் விழுந்து ஒயர் அறுந்து ஐந்து மணி நேரம் கரண்டு இல்லை. சிலிண்டர் தீர்ந்தது. ரோட்டில் வெள்ளம், ஆம்புலன்ஸ் சுற்றி வந்தது. வழியிலேயே —

தாமரை போயிட்டா. பதின்மூணு எதுக்குடா உனக்கு? யாருகிட்ட ஜெயிக்கப் பார்த்த?

ஏப்ரல் 18
கருமாதி முடிந்தது. ஷபீரும் வந்திருந்தான். பத்துக்கும் பதின்மூன்றுக்கும் கிடைக்கிற கரண்டில் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். “இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்?” என்றான். விடவில்லை நான்.

“நூத்துக்கு ஒண்ணுகூட வராதுண்ணே.”

மே 2
ஷபீர் இரண்டு சட்டங்களையும் கொண்டுவந்தான். “எதுண்ணே போடறது?”

“உன் இஷ்டம்பா.”

பத்தைப் போட்டான். பேட்டரியையும் மாட்டினான்.

மே 4
சாயங்காலம் நல்ல மழை. பக்கத்து வீட்டு ரேடியோ சட்டென்று நின்றது. எழுந்து அவள் அறைக்கு ஓடினேன். சிலிண்டர் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் பார்த்தேன் — எங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் காலியாக இருந்தது.