ஒரு கையால் திறக்கும் கத்தி

12.03.1996, செவ்வாய்

கரண்ட் இல்லை, லேத் ஓடவில்லை. மத்தியானம் உப்புவெளிக்குத் தம்பி வீட்டுக்குப் போனேன். யேசுரட்ணம் மடக்குக் கத்தியைப் பல்லால் கடித்து விரித்துக்கொண்டிருந்தான். உதட்டில் இரத்தம்.

போன வருடம் கரையில் விழுந்த ஷெல்லோடு அவனுடைய இடது கை போனது. இப்போது ஒற்றைக் கையால் இடுப்பில் சாரம் கட்டுகிறான், சவரம் எடுக்கிறான், சைக்கிளும் ஓடுகிறான். திரும்பக் கடலுக்கும் போகிறான். இந்தக் கத்தி ஒன்றுதான் அவனுக்கு ஏலாது. வலைக்கயிறு காலில் சுற்றி இழுத்தால் அந்த நேரம் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதா? நீட்டுக் கத்தியைக் கரையில் ஆமி மறிக்கிற சென்றியில் விடமாட்டார்கள். மடக்கியதுதான் விடுவார்கள், அதையும் உள்ளங்கையில் வைத்து நீட்டிக் காட்டவேண்டும். இவன் கடலுக்குப் போகிற பாஸை வாயில் கவ்விக்கொண்டு கத்தியை நீட்டுகிறானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

15.03, வெள்ளி

தானாக விரியும் கத்தி செய்யப்போகிறேன். ஓரிடத்தை அமத்தினால் உள்ளே இருக்கும் வில் அலகைத் தள்ளிவிடவேண்டும். முதலாளி மஜீத் நானாவிடம் விஷயத்தைச் சொல்லி, இரும்பறுக்கும் பெரிய வாளின் தேய்ந்த அலகொன்று கேட்டேன். ரவுடியாகிற வயது உனக்குப் போய்விட்டது என்றார். தம்பிக்கு என்றேன். இரண்டு அலகு தந்தார்.

19.03, செவ்வாய்

வில் முறிந்தது.

24.03, ஞாயிறு

பழைய மணிக்கூட்டு வில்லைப் போட்டுப் பார்த்தேன். கத்தி சோம்பேறி மாதிரிப் பாதி எழும்பிப் படுத்துவிட்டது. நல்ல கோபம் வந்தது.

29.03, வெள்ளி

சரிவந்துவிட்டது! வாள் அலகிலேயே மெல்லிய வில் அராவி, சிவக்கக் காய்ச்சித் தேங்காயெண்ணெயில் தோய்த்தேன். பிறகு மினுக்கித் திரும்பச் சூடு காட்டி, நீலம் ஓடுகிற கணத்தில் எடுத்தேன். கொஞ்சம் பிந்தினாலும் தகரம்தான். பூட்டி அமத்தினேன். டக். தனியாக நின்று சிரித்தேன்.

02.04, செவ்வாய்

தம்பியோடு வாக்குவாதம். அமத்துகிற குமிழ் எங்கே இருக்கவேண்டும் என்பதுதான் சண்டை. அவனுக்கு அது வெளியே, நன்றாகத் தெரியவேண்டுமாம்.

“மறைச்சு வைச்சாத்தான் அவங்களுக்குச் சந்தேகம் வரும் அண்ணன். வெளியில வையுங்கோ. நானே அமத்திக் காட்டுறன்.”

குமிழைக் கண்டால் அங்கேயே பறித்துவிடுவார்கள், இவ்வளவு பாடும் வீண் என்று நான் விடவில்லை. பிடியில் மூன்று பித்தளைத் தறையாணி. நடுவில் இருப்பது ஆணியில்லை, அதுதான் குமிழ். மஜீத் நானா திருப்பித் திருப்பிப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

05.04, பெரிய வெள்ளி

ஆணி, சுத்தியல் தொடாத நாள். கத்தியை எண்ணெய்ச் சீலையில் சுற்றி வைத்தேன்.

08.04, திங்கள்

கொடுத்தேன். விரிக்கிறான், அலகின் முதுகுப் பக்கத்தைத் தொடையில் வைத்து அமத்தி மடக்குகிறான், திரும்ப விரிக்கிறான். அவன் மனைவி றீற்றா, போதும், வில் தேய்ந்துபோகும் என்று பேசினாள். ஷெல் விழுந்த பிறகு அவன் இப்படிச் சிரித்து நான் காணவில்லை.

19.04, வெள்ளி

தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.

இத்தனை நாளும் ஒரு பிரச்சினையும் இல்லை. இன்று சென்றியில் புது ஆள். கத்தியை எடுத்துப் பார்த்திருக்கிறான், பெருவிரல் நடு ஆணியில் பட்டிருக்கிறது. அலகு பாய்ந்து அவனுடைய விரலையே வெட்டிவிட்டதாம். மீன் வெட்டுகிற கத்திக்கு ஏன் ஒளித்த குமிழ் என்று கேட்டார்களாம். தம்பி என்ன சொல்லுவான்? வெளியில வையுங்கோ எண்டு சொன்னவன் அவன்தானே. கேட்டனானா நான்?

20.04, சனி

முகாம் வாசலில் றீற்றாவும் நானும். உள்ளே போய், செய்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தான், நீங்களும் உள்ள போனா வெளியில நிண்டு கேக்க ஆர் இருக்கினம்?”

நின்றுவிட்டேன். அவள் சொன்னது சரி என்று நின்றேனா, பயந்து நின்றேனா? இரண்டும்தான்.

02.05, வியாழன்

இன்றும் போனோம். வாசலில் இருப்பவன், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றான். ஆனால் றீற்றா கொண்டுபோன சாரத்தை வாங்கி வைத்தான். உயிரோடு இருக்கிறான். அது போதும் என்று சொல்லிக்கொண்டு வந்தோம்.

23.05, வியாழன்

விட்டுவிட்டார்கள். பங்குச் சுவாமியார் பல தடவை போய்க் கதைத்ததால் விட்டதாம். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. ஆஸ்பத்திரியில் பார்த்தவர், எலும்பு பொருந்தினாலும் விரல்கள் மடங்காது என்கிறார்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

26.05, ஞாயிறு

பூசைக்குப் பிறகு போனேன். றீற்றா குசினியில் நின்றாள். அவனாகவே தொடங்கினான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“ஆர் செய்தது எண்டு கேட்டாங்கள். நான்தான் செய்தனான் எண்டன். ஒரு கையாலயோ எண்டாங்கள். ஓம் எண்டன். நம்பேல்லை அண்ணன். உண்மையைச் சொல்லு, சொல்லு எண்டுதான் ஒவ்வொரு விரலா...”



என் பெயர் அவன் வாயில் வரவேயில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை.

றீற்றா சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் இருந்தாள். நான் சோற்றுக் கோப்பையை வாங்கினேன். முள் எடுத்து, பிசைந்து, தீத்தினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாயைத் திறந்தான்.