வெற்றுக்காணி என்று சொன்னது நான்தான்

2025 ஆகஸ்ட் 11, திங்கள்

கடைகளில் உப்பு இல்லாமல் போன வருஷம். ஏழு வருஷம் கழித்துச் சபைக்குத் தேர்தல் வைத்ததும் இந்த வருஷம்தான். எனக்கு வருஷங்கள் இப்படித்தான் நினைவில் நிற்கும். திகதியை மருமகள் தயாளினி போடட்டும். ஆண்டியப்பன் என்று என் பெயரைக்கூட எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். முடிந்ததும் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும்.

எண்பத்தொரு வயதில் எதற்கு இந்தக் கொப்பி? பிரதேச சபையில் எழுதுநராக இருக்கிற பிரேமிளாதான் இன்று சொன்னாள்: "ஐயா, நீங்கள் வாயால சொல்லுறது கந்தோர் வாசலோட போயிடும். அண்டண்டைக்கு நடந்ததைத் திகதி போட்டு எழுதுவிச்சு வையுங்கோ."

அங்கே போனது ஒரு அறிவித்தலுக்காக. சங்கக்கடைச் சுவரில் அதை ஒட்டி இரண்டு கிழமை. அதன் கீழே நின்றுதான் நான் பருப்பு வாங்கினேன். நாய்க்கு ஊசி போடுகிற அறிவித்தல் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நேற்றுத்தான் தயாளினி வாசித்தாள். குளக்கட்டுக்குக் கீழே இருக்கிற ஒன்றரை ஏக்கர் வெற்றுக்காணியில் சபை குப்பை தரம் பிரித்துப் பசளை செய்கிற இடம் கட்டப்போகிறதாம். ஆட்சேபனை இருந்தால் செப்டெம்பர் ஐந்துக்கு முன் எழுத்தில் தர வேண்டுமாம்.

அது வெற்றுக்காணி இல்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் சனம் பத்தொன்பது பேர் அங்கே கிடக்கிறார்கள். பத்தொன்பது குழியும் நான் வெட்டியது.

ஆகஸ்ட் 12

நேற்று ஒன்றை எழுதச் சொல்லாமல் விட்டேன். இரவு முழுக்க நித்திரை இல்லை.

பிரேமிளா ஒரு பழைய கோவையைத் திறந்து காட்டினாள். மீள்குடியேற்றத்தின்போது, 2010இல் எழுதிய தாள். அவள் வாசித்தாள்: "பற்றைக்காடு. கட்டடமோ மயானமோ இல்லை. வெற்றுக்காணி." கீழே ஊரவர் ஒருவரின் பெருவிரல் அடையாளம்.

அது என் விரல்.

தயாளினி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "மாமா, இதையும் எழுதவோ?" எழுது பிள்ளை.

ஆகஸ்ட் 13

சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த வருஷம் அது. அடுத்த நாள் காணி பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள், கூடச் சீருடைக்காரரும் வருகிறார்கள் என்று கதை வந்தது. மண்மேட்டைக் கண்டால் கிண்டுவார்கள் என்று சனம் பயந்தது. யார் இது, என்ன வயது, எப்படிச் செத்தது, யாருடைய பிள்ளை என்று கேள்வி வரும். கேள்வி வந்த வீட்டிலிருந்து ஆள் போகும். அந்த நேரம் ஊரில் யாரைக் கேட்டாலும் எங்களுக்கு ஒருத்தரும் சாகவில்லை என்றுதான் சொல்வார்கள்.

பயம் எல்லாருக்கும் இருந்தது. மண்வெட்டி எடுத்தவன் நான். விடிய வெள்ளெனப் போய்ப் பத்தொன்பது மேட்டையும் கொத்தி மட்டமாக்கினேன். நட்டிருந்த கல்லுகளைக் குளத்துக்குள் எறிந்தேன். கடைசிக் குழி பேச்சியம்மாவின் மகன் தர்ஷனுடையது. 2008இல் ஷெல் விழுந்து போனவன். இருபது வயது. அந்த மேடு இன்னும் இறுகியிருக்கவில்லை. தலைமாட்டில் அவள் நாலு செங்கல் அடுக்கி வைத்திருந்தாள்.

அவளைக் கேட்டேனா? இல்லை. யாரையும் கேட்கவில்லை.

அதிகாரிகள் வந்தபோது பேச்சியம்மா எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள். "இது என்ன காணி?" "சும்மா பத்தைக்காடு ஐயா. இங்க ஒருத்தரும் இல்லை" என்றேன். என் விரலை மையில் தோய்த்து வைத்தார்கள். அன்றோடு அவள் என்னுடன் கதைப்பதை விட்டாள். அடுத்த வருஷம் துணுக்காயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 14

தயாளினி மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். மாற்ற ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 26

சபைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். பழைய தாள் பொய் என்றால் நான் புதிதாகச் சத்தியக்கூற்றுத் தர வேண்டும். அதற்குச் சமாதான நீதவானிடம் போக வேண்டும். அதோடு, அங்கே அடக்கம் நடந்ததை நேரில் கண்ட இன்னொருவரும் வேண்டும்.

"பொய்யெண்டு நீங்களே எழுதித் தந்தா, நாளைக்கு ஆரும் உங்களைக் கேள்வி கேக்கலாம் ஐயா. யோசிச்சுச் செய்யுங்கோ."

வெளியே வந்ததும் தயாளினிக்கு அழுகை. "எண்பது வயசில உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனா நாங்கள் என்ன செய்யிறது மாமா? குப்பையைக் கொட்டினாக் கொட்டட்டும்." அவளில் பிழை இல்லை. அவள் புருஷன், என் மகன், வெளிநாட்டில். நான் போனால் இந்த வளவுக்குள் அவள் தனிய.

இன்னொருவர்! நாங்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் பன்னிரண்டு குடும்பமாக வந்தவர்கள். கண்டவர்களை விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். மடித்த விரல் எல்லாம் செத்தவர்கள். நீட்டி நின்றது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 30, சனி

மாங்குளத்தில் இறங்கி, மல்லாவி பஸ் பிடித்து, துணுக்காய். பேச்சியம்மா முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலை பஞ்சு. நிமிர்ந்து பார்த்தாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்னது இது:

"வாங்க அண்ணே. இப்பதான் கண்ணு தெரிஞ்சுச்சா?"

எங்களுடைய தோட்டத்துப் பேச்சு அவளிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னேன். குப்பை என்றதும் அவள் கை நின்றது.

"நான் எதுக்கு சாட்சி சொல்லணும்? அங்கதான் ஒருத்தரும் இல்லையே. நீங்கதானே சொன்னீங்க, என் மொகத்துக்கு நேரா."

"பயத்துல சொன்னேன் தங்கச்சி. உனக்கும் சேத்துத்தான் பயந்தேன்."

"எனக்காகப் பயப்படச் சொல்லி நான் கேட்டேனா? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து மண்ணைத் தள்ளியிருப்பேன். என் கையால செஞ்சிருப்பேன்ல?"

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பேச்சியம்மா குடிக்கச் சொல்லவும் இல்லை, குடிக்காதே என்று சொல்லவும் இல்லை. குடித்துவிட்டு வந்தேன்.

செப்டெம்பர் 3

சமாதான நீதவான் முன் புதிய தாளுக்கு விரல் வைத்தேன். வைக்கும் முன் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். "நான் அன்று சொன்னது பொய்" என்ற இடத்தில் அவர் குரலைக் குறைத்தார். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். தயாளினி வெளியே நின்றாள். இன்று அவள் இதை எழுதுவதே பெரிய காரியம்.

செப்டெம்பர் 18, வியாழன்

சபைக் கூட்டம். பார்வையாளர் கதிரையில் காலையிலிருந்து இருந்தேன். என் விஷயம் பதினோராவது. அதற்கு முன் தெருவிளக்கு, குடிதண்ணீர் கொண்டுவருகிற பவுசர், சந்தைக் கூரை. கட்டாக்காலி மாடுகளைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் எழும்பினார். "முதல்ல உங்கட சிவப்பி மாட்டைக் கட்டுங்கோ, நேற்றும் றோட்டில படுத்திருந்தது" என்று பின்னாலிருந்து ஒருவர். தவிசாளர் பரமேஸ்வரன் மேசையைத் தட்டித் தட்டிக் களைத்தார்.

பிறகு என் தாளை வாசித்தார்கள். உறுப்பினர் நளீர், இரும்புக்கடை வைத்திருக்கிறவர், எழும்பி நின்று கேட்டார்:

"ஐயா, கோவிக்கப்படாது. ரெண்டாயிரத்துப் பத்தில பொய் சொன்னீங்களா, இல்லாட்டி இண்டைக்குச் சொல்றீங்களா?"

"அண்டைக்கு ஐயா."

"இதை நாங்க எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். பசளை நிலையத்துக்குக் காசு வந்து கிடக்கிறது, வருஷம் முடிய முன் தொடங்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று இன்னொருவர் சத்தம் போட்டார். கடைசியில் ஒக்டோபர் மூன்றாம் திகதி எல்லாருமாகக் காணியைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு. இரண்டாவது சாட்சி வராவிட்டால் வேலை தொடங்கும்.

செப்டெம்பர் 29

எனக்குச் சொல்லாமல் தயாளினி துணுக்காய்க்கு ஃபோன் எடுத்து மூன்றாம் திகதியைச் சொல்லியிருக்கிறாள். பேச்சியம்மாவின் மகள்தான் கதைத்தாளாம். "அம்மா ஒண்டும் சொல்லேல்லை."

ஒக்டோபர் 3, வெள்ளி

பத்து மணி வரை பேச்சியம்மாவைக் காணவில்லை. பத்தே காலுக்கு ஒரு ஓட்டோ குளக்கட்டில் வந்து நின்றது.

நளீர் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒராளோட ஒராள் கதைக்கப்படாது. ஐயா முதல்ல இடத்தைக் காட்டட்டும். அம்மா ஓட்டோவுக்குள்ள இருங்க, அந்தப் பக்கம் பாத்து."

குளத்தில் தண்ணீர் திறக்கிற துருசு மூலையிலிருந்து எட்டு வைத்து அளந்தேன். முதல் குழி முப்பத்திரண்டு எட்டு. அங்கிருந்து வலப்பக்கம் நாலு. பத்தைக்குள் முள் கிழித்தது. நான் காட்டிய இடமெல்லாம் பிரேமிளா ஒரு குச்சி குத்தினாள். யார் யார் என்று என் வாயிலிருந்து கேட்டுத் தாளில் எழுதினாள், குச்சியில் எழுதவில்லை. பத்தொன்பது குச்சி.

பிறகு என்னைக் குளக்கட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேச்சியம்மாவை இறக்கினார்கள். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், காது நல்லாக் கேட்கும்.

"இது முனியாண்டி மக வள்ளி. காய்ச்சல்." அடுத்த குச்சி. "இது மூக்காயி. பாம்பு." அடுத்தது. "இது கறுப்பையாவோட தம்பி. மரம் விழுந்துச்சு." பிரேமிளா தாளைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். ஒரு பெயரும் பிழைக்கவில்லை, ஒரு இடத்திலும் அவள் தலை நிமிரவில்லை. பத்தொன்பதாவது குச்சிக்குப் போனதும் பேச்சியம்மா பெயர் சொல்லவில்லை. நிலத்தில் குந்தினாள். உள்ளங்கையை மண்ணில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

எழும்பினாள். ஓட்டோவுக்குப் போகவில்லை. மறுபக்கம் போனாள், நான் எட்டு வைக்காத பக்கம். ஒரு காரைப் பத்தையடியில் நின்று, "இங்கயும் ஒரு குச்சி குத்துங்க" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டிலிருந்து கத்தினேன்: "அங்க இல்லை! அங்க நான் வெட்டேல்லை!"

"நீங்க வெட்டல. என் வீட்டுக்காரரு வெட்டினாரு. ஆறு மாசத்துல விழுந்த புள்ள. பொட்டப்புள்ள. ஒருத்தருக்கும் சொல்லல." பிறகு சத்தத்தை உயர்த்தினாள், எனக்குக் கேட்க வேண்டும் என்று: "எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டீங்களோ?"

பதினேழு வருஷம் என் தலைக்குள் பத்தொன்பது. ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

நளீர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "இருபது எண்டு எழுதுங்க தங்கச்சி" என்றார் பிரேமிளாவிடம்.

பேச்சியம்மா போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

சபையில் வாக்கெடுப்பு. ஒன்பதுக்கு ஐந்து, எங்கள் பக்கம். முக்கால் ஏக்கர் மயானமாக வேலி போடுகிறது. பசளை நிலையம் மற்றப் பக்கத்துக்குப் போகிறது. முழுக்காணியும் கிடைக்கவில்லை. நான் கேட்டதும் முழுக்காணி இல்லை. பழைய தாளுக்கு மேலே சிவப்பு மையால் கோடு போட்டார்கள். கிழிக்கவில்லை. கோட்டுக்குக் கீழே என் விரல் இன்னும் தெரிகிறது. தெரியட்டும்.

பொய் சொன்னதற்கு இன்று வரை ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. வந்தால் வரட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

மயானப் பதிவேடு எழுத பிரேமிளா கூப்பிட்டாள். புதுப் புத்தகம், தடித்த மட்டை. இருபது வரிசை. பெயர், வருஷம், காரணம் எல்லாம் சொன்னேன். இருபதாவதுக்குப் பெயர் இல்லை. "பேச்சியம்மாவின் மகள்" என்று எழுதினாள்.

கடைசிக் கட்டத்தில் அடக்கத்தின்போது கூட நின்றவர்களை எழுத வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முனியாண்டி, வவுனியா ஆஸ்பத்திரியில் போனான். கறுப்பையா, கடைசிச் சண்டையில். சடையனும் பெஞ்சாதியும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் அங்கேயே. பெருமாள் முகாமில். ராக்காயி போன மழைக்காலம். மாரிமுத்து, நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்தவன். பன்னிரண்டு குடும்பமும் முடியப் பின்னேரமாகிவிட்டது.

"இதில இப்ப உயிரோட இருக்கிறவை ஆர் ஐயா? உங்களைப் போடட்டோ?"

"நான் குழிக்குள்ள நிண்டவன் பிள்ளை. மேல நிண்டவங்களைத்தானே கேக்கிறீங்க?"

"ஓம்."

"அப்ப ஒராள்தான். பேச்சியம்மா."