பரணில் இருந்த பூட்ஸ்

மார்ச் 4
பழுதான லிஃப்டைச் சரிசெய்து நிமிர்ந்தேன், வீட்டிலிருந்து போன். பட்டாளத்துக் கடிதமாம். விலகி வந்து பன்னிரண்டு வருஷம். ரிசர்வ் பட்டியலில் பேர் இருப்பதை நான் மறந்தேன், அவர்கள் மறக்கவில்லை. எல்லையில் சண்டை மூளும் போலிருக்கிறது. வியாழன் காலை முகாமில் இருக்க வேண்டும்.

மனைவிக்கு எட்டாம் மாதம்.

மார்ச் 5
பரணிலிருந்து பூட்ஸை இறக்கினேன். துணி சுற்றி, வருஷத்துக்கொரு முறை பாலிஷ் போட்டு வைத்தது. ஒரு கீறல் இல்லை. "கல்யாணத் துணியக்கூட என் தங்கச்சி இப்படி வெச்சதில்ல" என்றான் மச்சான். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

மார்ச் 6
பயமா இருக்கு. யார்கிட்ட சொல்ல?

மார்ச் 7
முகாமில் பாதிப் பேருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. நேற்றுவரை ரொட்டிக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், இன்று சிப்பாய்கள்.

அரை மைல் நடந்திருப்போம். என் பூட்ஸின் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. வரிசையில் பதினொரு பேருக்கு அதே கதி — எல்லாரும் பத்திரமாகப் பூட்டி வைத்தவர்கள்! மாட்டுக்கொட்டகையில் தினமும் போட்டு மிதித்தவனுடையது மட்டும் கல்லு மாதிரி இருந்தது.

"சும்மா வெச்சா ரப்பர் செத்துடும்யா. போட்டு நடக்கணும்" என்றார் ஸ்டோர்காரர். புது பூட்ஸ் வரும்வரை நாங்கள் இங்கேயே. மற்றவர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் எல்லைக்குப் போய்விட்டன. தப்பித்தோம் என்று மனசு குதித்தது. அப்போது பார்த்து வாத்தியார் லாரியிலிருந்து கையசைத்தார். வெட்கமாகப் போய்விட்டது. என் இடத்தில் இன்னொருத்தர் நிற்பாரே?

மார்ச் 10
புது பூட்ஸ் வந்தது. நாளை லாரி.

மார்ச் 11
லாரி வந்தது. எங்களை ஏற்றிப் போக அல்ல, போனவர்களை இறக்கிவிட! பேச்சுவார்த்தை முடிந்து இரண்டு பக்கமும் பின்வாங்கியாயிற்று. ஒரு தோட்டாகூடச் சுடவில்லையாம். ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாரும் வந்துவிட்டார்கள். வாத்தியாரைக் கட்டிக்கொண்டேன். அப்பாடா.

ஏப்ரல் 28
மகளுக்கு இன்றோடு பதினாறு நாள்.

புது பூட்ஸைப் பரணில் ஏற்றப் போனாள் இவள். வாங்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள்ள எதுக்கு என்றாள். "கூப்பிட்டா போகணும்ல" என்றேன். கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். பிறகு குழந்தையை என் தோளில் போட்டாள்.

கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அந்தச் சத்தத்திலேயே குழந்தை தூங்கிவிட்டது. குதிகால் கடிக்கிறது. பழகிவிடும்.