வண்டி ஏன் நகர்கிறது

மே 14, செவ்வாய்

இன்றும் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானித்திருந்தேன்.

ம்வாலே சார் இயற்பியல் எடுத்தார். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்று பலகையில் எழுதினார். வெளியே பிலிமோன் மாமா பள்ளிக் கழிப்பறைக்கு மணல் இறக்கிக்கொண்டிருந்தார். மொசாம்பிக் எல்லையோரத்து எங்கள் ஊருக்கு ஒரே மாட்டு வண்டி, அவருடையது. சேர்மன், செகரட்டரி என்று இரண்டு மாடுகள். அவற்றைப் பார்த்தேன், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், மாடு வண்டிய எவ்வளவு இழுக்குதோ, வண்டியும் மாட்ட அவ்வளவு பின்னால இழுக்குமா?"

"ஆமா."

"ரெண்டும் சமம்னா வண்டி எப்படி சார் நகருது?"

சார் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நகருதுல்ல? அது போதும். உக்காரு, ஃபைனெஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மே 15, புதன்

வண்டி பள்ளி வாசலிலேயே கிடக்கிறது. பிலிமோன் மாமா மாடுகளை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாராம். உடம்பு சரியில்லையோ?

மே 16, வியாழன்

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த வள்ளிக்கிழங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ கேட்டது நெசந்தானா, பாப்பா? யோசிச்சுப் பாத்தேன். சமமா இழுத்தா அது நகரவே கூடாது. இத்தன வருஷம் ஒண்ணும் தெரியாம ஓட்டிட்டேன். தெரிஞ்சப்புறம் எப்படி ஓட்டறது? மலைச்சரிவுல போறப்ப பொட்டுன்னு நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டுமே மாமா."

"பின்னால வந்துட்டா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை! இரவு என் தட்டில் களி பாதிதான் இருந்தது.

மே 18, சனி

தூறல். குளிர். ஊர் முழுக்க அறுத்த சோளம் வயலில் குவிந்து கிடக்கிறது. எங்களுடையதும்தான். அடியில் கறையான், மேலே ஈரம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். அப்புறம் வருஷம் முழுக்க என்ன தின்பது?

வேறு யாராவது ஓட்டட்டுமே என்றால் பிலிமோன் மாமா மாட்டைத் தரமாட்டேன் என்கிறார். "தெரிஞ்சே ஒருத்தன அனுப்பினா அது கொலை" என்கிறார். போதகர் வந்து சக்கரத்தின் மேல் கை வைத்து ஜெபித்தார். மாமா ஆமென் சொன்னார். அப்புறம், "ஆனா சமம்தானே, ஐயா?" என்று கேட்டாராம்.

மே 20, திங்கள்

ஊர்த் தலைவியம்மா முற்றத்தில் பஞ்சாயத்து. ம்வாலே சாரையும் வரச்சொல்லியிருந்தார்கள். சார் டை கட்டிக்கொண்டு வந்து, குச்சியால் மண்ணில் இரண்டு பெட்டிகள் வரைந்தார். மாடு ஒரு பெட்டி, வண்டி ஒரு பெட்டி.

"தரை வழவழப்புன்னு வெச்சுக்கங்க. உராய்வைப் புறக்கணிக்கவும்."

"உராய்வுன்னா?" தலைவியம்மா.

"தரையில கால் பிடிக்கிற பிடிம்மா."

"அத ஏன் விட்டுடணும்?"

"புஸ்தகத்துல எல்லாக் கணக்குலயும் விடச் சொல்லியிருக்கு."

போட்டார் கணக்கை. வேர்த்தார். கடைசியில் வந்த விடை, வண்டி இருக்கட்டும், மாடே நின்ற இடத்தைவிட்டு நகராது. பிலிமோன் மாமா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாத்தீங்களா? மாடும் போச்சு!"

தலைவியம்மா என் பக்கம் திரும்பினார். "நிறுத்தினவளே இழுக்கட்டும்."

வண்டி ஓடும்வரை நான் பள்ளிக்கு வர வேண்டாம் என்று தலைமையாசிரியரும் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் தேர்வு. ஒரே ஒரு கேள்விதானே கேட்டேன்? அதுவும் பாடத்தில் இருக்கிற கேள்வி! கேட்டது தப்பா, பதில் தெரியாதது தப்பா?

மே 21, செவ்வாய்

கை தோல் உரிந்து எரிகிறது. எழுதியே ஆக வேண்டும்.

வண்டியை நானும் அம்மாவும் எங்கள் வயலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். காலியாக இருந்ததால் போய்ச் சேர்ந்தது. சோளம் ஏற்றினோம். அம்மா பின்னால், நான் நுகத்தடிக்குள். ஈர மண். இழுத்தேன் — கால் சறுக்கியது. மறுபடி இழுத்தேன், மூக்குப் பட விழுந்தேன். வண்டி மயிரிழைகூட அசையவில்லை. "இழுடி! வகுப்புல வாய் இழுத்துச்சே, இப்ப கை இழுக்கட்டும்!" என்று அம்மா கத்தினாள். அழுகையாக வந்தது. ஒதுங்கிப் புல் மேட்டில் காலை ஊன்றினேன். ஊன்றித் தரையைப் பின்னால் உதைத்தேன்.

நகர்ந்தது.

அதே நான். அதே வண்டி. மாறியது தரை மட்டும்தான்.

அப்படியென்றால் — நான் வண்டியை இழுப்பது வண்டிமேல் விழுகிறது. வண்டி என்னை இழுப்பது என்மேல் விழுகிறது. இரண்டும் வேறு வேறு ஆள்மேல்! ஒன்றையொன்று எப்படி ரத்து செய்யும்? அடுத்தவன் கன்னத்தில் விழுந்த அறையும் என் கன்னத்தில் விழுந்த அறையும் சேர்ந்து அறையே இல்லை என்றாகிவிடுமா? என்னை முன்னால் தள்ளியது தரை. புறக்கணிக்கச் சொன்னார்களே, அதே பிடி.

சேற்றோடு நின்று சிரித்தேன். அம்மா பயந்துபோனாள்.

மே 22, புதன்

பிலிமோன் மாமாவையே நுகத்தடிக்குள் நிற்கவைத்தேன். முதலில் சேற்றில், அப்புறம் புல்லில். ஊரே வேடிக்கை பார்த்தது.

புல்லில் நாலு அடி இழுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "தரைதான் தள்ளுதா?"

"ஆமா மாமா. மாடு தரையப் பின்னால உதைக்குது, தரை மாட்ட முன்னால தள்ளுது. வண்டி பிடிச்சு இழுக்கறதவிட அது அதிகமா இருந்தாப் போதும்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல!"

தலைவியம்மா நாற்காலியைவிட்டு எழுந்தார். "அப்போ வண்டிய ஓட்டறது நிலம்."

"ஆமாம்மா."

"நிலம் யாரோடது?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நடைக்கு ஒரு கூடை சோளம் எனக்கு" என்றார்.

"ஒரு கூடையா! தள்ளுறது நிலம்னாலும் புல்லு திங்கிறது என் மாடு தாயி! அரைக் கூடை!" மாமா கையை ஆட்டி ஆட்டிப் பேரம் பேசினார். அப்பாடா, மனுஷன் பிழைத்துவிட்டார். சூரியன் சாய்வதற்குள் எங்கள் சோளம் வீட்டுக்கு வந்துவிட்டது. அடிக்கதிர் கொஞ்சம்தான் வீண்.

மே 23, வியாழன்

பள்ளிக்குப் போனேன். வாயே திறக்கவில்லை.

மே 27, திங்கள்

நேற்று வாயைத் திறந்துவிட்டேன். வீட்டில்தான். "அம்மா, மாடு தரையப் பின்னால தள்ளினா தரையும் கொஞ்சம் நகருமோ?" அம்மா நேராகத் தலைவியம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

இன்று காலையில் தண்டோரா. சந்தை இருப்பது கிழக்கே. வண்டி கிழக்கே போகப் போக ஊர் மேற்கே, மொசாம்பிக் பக்கம் தள்ளிப்போகுமாம். ஆகவே அரைக் கூடை ரத்து. அதற்குப் பதிலாக, சந்தைக்குப் போகிற வண்டி அதே வழியாகத் திரும்பி வந்து நிலத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும்.

பிலிமோன் மாமாவும் அப்படியே செய்கிறார். சந்தையிலிருந்து திரும்ப வேறு பாதையே கிடையாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

பள்ளி விட்டதும் படியில் உட்கார்ந்திருந்தேன். ம்வாலே சார் வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். டை இல்லை.

"ஃபைனெஸ், யார்கிட்டயும் சொல்லாத. மைனஸ மைனஸால பெருக்கினா பிளஸ் ஆகுதுல்ல? ஏன்? நான் படிக்கறப்பவே கேக்கணும்னு இருந்தேன். அடிப்பாங்கன்னு கேக்கல."

எவ்வளவோ யோசித்தேன்.

"தெரியல சார்."

அவர் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான் இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். சார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினார்.